வன்னி வெயிலும் இலண்டன் ஹீற்றரும்

வன்னிக்குப் போய்விட்டு வந்து வெந்நீரைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு வேறு விடயமே கிடைக்கவில்லையா என்று கேட்கப் போகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோர், பறிபோன காணி, நுண்கடன் என்று அந்த மண்ணைப் பற்றி எழுதுவதற்கு ஆயிரம் உண்டு. முப்பது ஆண்டுகளாக அவற்றை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இனியும் எழுதுவேன். ஆனால், அண்மையில் விசுவமடுவில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது கண்ட ஒரு காட்சி என்னை விடாமல் துரத்துகிறது. அதை இறக்கி வைக்காமல் வேறெதையும் எழுத முடியாது போலிருக்கிறது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்தைக் கடந்து உடையார்கட்டுக்கு முன்னால் வருவது விசுவமடு. அங்கே என் பெரியம்மாவின் மகள் இருக்கிறார். எனக்கு அக்கா. அவருடைய மகன் இலண்டனில் உழைத்து அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு. பளபளக்கும் தளம், இணைந்த குளியலறை, கொங்கிரீற் தட்டின்மேல் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய நீர்த்தாங்கி. குளியலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டியாக ஒரு மின்சார ஹீற்றர். அதன் ஆளியின்மேல் யாரும் தொடாதபடி ரேப் ஒட்டியிருந்தது.

பிற்பகல் மூன்று மணியிருக்கும். குசினிக் குழாயைத் திறந்த அக்காவின் பேத்தி, 'ஐயோ சுடுகுது!' என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, பழகிய காரியம்போல, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அப்பால் நின்றாள். 'சூடு போகட்டும் தாத்தா' என்றாள். கறுப்புத் தாங்கிக்குள் காலை முதல் வெயில் குடித்திருந்த நீர், கைவைக்க முடியாத சூட்டோடு, பல நிமிடங்கள் வாழையடிக்கு ஓடியது.

மறுநாள் விடிகாலை. இருமல் சத்தம் கேட்டு எழும்பினேன். வீட்டின் பின்புறம், தகரம் போட்ட கொட்டிலுக்குள், மூன்று கல் அடுப்பின்மேல் கிடாரத்தை ஏற்றிவிட்டு அக்கா குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். மகள் பிள்ளை பெற்று இருபது நாள். நொச்சியும் பாவட்டையும் ஆமணக்கிலையும் போட்டு அவித்த நீரில் தாயை வார்க்கவேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்ட வேறாக ஒரு பானை. விறகு ஈரம். புகை கொட்டிலை நிறைத்துக்கொண்டு வாசலால் வெளியே வழிந்தது.

'உள்ள ஹீற்றர் இருக்குது. ஏன் அக்கா இந்தப் புகைக்குள்ள?' என்று கேட்டேன்.

'உது பெடியன் குடும்பமா வரேக்கை மட்டும் போடுறது தம்பி. போட்டால் மற்ற லைற் எல்லாம் மங்குது. போன முறை அவையள் நிண்டிட்டுப் போக வந்த பில்லைப் பாத்து எனக்கு நெஞ்சு இடிச்சுப் போச்சு' என்றார் அக்கா. சொல்லிவிட்டு மறுபடியும் இருமினார். புகைக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று வைத்தியர் சொல்லி இரண்டு ஆண்டாகிறது என்பதை அவருடைய மகள்தான் பிறகு சொன்னாள்.

முதல் நாள் பிற்பகல் வாழைக்கு ஓடிய வெந்நீர், மறுநாள் விடிகாலை விறகு தின்று, ஒரு பெண்ணின் நெஞ்சையும் தின்றுகொண்டு மறுபடி பிறக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் பதினான்கு மணி நேரந்தான். அந்தப் பதினான்கு மணி நேரம் சூட்டைப் போர்த்தி வைப்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. மாறாக, மூன்று வார விருந்தாளிகளுக்காக ஒரு ஹீற்றர் இருக்கிறது.

*

இலண்டனில் இருக்கும் மருமகனுடன் அன்று மாலையே தொலைபேசியில் பேசினேன். நல்ல பிள்ளை. தாயின்மேல் உயிர். 'மாமா, அங்க வந்தால் பிள்ளையள் பச்சைத் தண்ணியில குளிக்காதுகள். வேற என்ன செய்யிறது?' என்றான். நியாயமான கேள்வி. அதே உரையாடலில், தன் இலண்டன் வீட்டில் எரிவாயுக் கொதிகலனைக் கழற்றிவிட்டு 'ஹீற் பம்ப்' பூட்டிய கதையையும் பெருமையோடு சொன்னான். இங்கிலாந்திலும் வேல்சிலும் இதற்கு அரசு 7,500 பவுண் மானியம் கொடுக்கிறது; 2023 ஒக்ரோபரில்தான் 5,000 பவுணிலிருந்து அத்தொகைக்கு உயர்த்தினார்கள். 'ஒரு யூனிற் கறண்டுக்கு மூண்டு யூனிற் சூடு தரும் மாமா. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் பிடிச்ச மாதிரி. வெளிக் காத்தில இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குக் குடுக்கும்' என்று அழகாக விளங்கப்படுத்தினான்.

புலம்பெயர்ந்த எம் உறவுகளிடம் நான் சண்டைக்குப் போவது இந்த இடத்தில்தான். சூரியனை வாரக்கணக்கில் காணாத நாட்டில், குளிர்காற்றுக்குள் ஒளிந்திருக்கும் சூட்டைக்கூடத் தேடிப் பிடித்துச் சிக்கனம் பார்க்கிறீர்கள். அந்த அறிவு ஏன் கட்டுநாயக்காவில் இறங்கியதும் விடைபெற்றுக்கொள்கிறது? வெயில் கொட்டுகிற விசுவமடுவில் வீடு கட்டும்போது, இலண்டனிலும் றொரன்ரோவிலும் கழற்றி எறிகிற சிந்தனையையா சுவரில் பூட்டவேண்டும்?

அந்த வெள்ளைப் பெட்டி என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஓடுகிற நீரை உடனுக்குடன் சூடாக்கும் சிறிய ஹீற்றர் ஒன்று ஏறத்தாழ 3.5 கிலோவாற் இழுக்கும். 9 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் 390 ஐ ஒரே நேரத்தில் எரியவிடுவதற்கு அது சமம். சிறிய வீடுகளுக்குக் கொடுக்கப்படும் 15 அம்பியர் இணைப்பின் முழுக் கொள்ளளவே 230 வோல்ற்றில் 3.45 கிலோவாற்தான். அக்கா வீட்டு விளக்குகள் மங்கியதில் வியப்பில்லை. அவை எரிந்ததே வியப்பு.

கட்டணமோ படி ஏறும் முறை. 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் அலகிலிருந்தே வேறு விலைப்பட்டியலுக்குள் வீடு தள்ளப்படும். இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் ஒரு வானொலியுமாக மாதம் நாற்பது, ஐம்பது அலகோடு மானமாக வாழ்ந்த குடும்பத்தை, மூன்று வாரக் குளியல் அந்தக் கோட்டுக்கு அப்பால் உதைத்து விடுகிறது. விருந்தாளிகள் விமானம் ஏறிய பின்பு பட்டியல் வருகிறது. தாய் அதைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. ஆளியின்மேல் ரேப் ஒட்டுகிறாள்.

*

விசுவமடுவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் அங்கே மின்கம்பியை நம்பு, எரிவாயுவை நம்பு என்று உபதேசிப்பது எளிது.

படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தால் வளர்ந்த ஊர் அது. 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ ஆட்சியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வன்னியின் மிளகாயும் வெங்காயமும் பொன்னாக விற்றன. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கொழும்பில் ஒரு கையொப்பம், வன்னியில் செத்தல் மிளகாய் மூடை மூடையாக விலையிழந்தது. தூரத்தில் எங்கோ எடுக்கப்படும் முடிவு தன் அடுப்பை எப்படி அணைக்கும் என்பதை அந்த மண் முதலில் கற்றது அப்போதுதான்.

பின்பு 1990. தேசிய மின்வலையிலிருந்து வன்னி துண்டிக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் கம்பிகளில் உயிரில்லை. 2002 போர்நிறுத்தம் வரை பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய் அளந்து தரப்பட்டது, அதுவும் யானை விலை, குதிரை விலை. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் கலைப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நான், ஜாம்போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது உறிஞ்சுமளவு மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றிய விளக்கில்தான் பரீட்சைக்குப் படித்தேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். வன்னியிலும் அதே கதைதான்.

2009 ஜனவரி இறுதியில் விசுவமடு இராணுவத்தின் வசமானபோது, அக்கா குடும்பம் கிழக்கே சுதந்திரபுரம், தேவிபுரம் என்று ஓடிக்கொண்டிருந்தது. பின்பு முட்கம்பி முகாம். 2010 இற்குப் பிறகு திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்ததாம். 'வடக்கின் வசந்தம்' என்ற பெயரோடு மின்கம்பங்கள் வந்தன. வந்தது நல்லதே. மறுப்பதற்கில்லை.

ஆனால், 2022 ஐ மறந்துவிட்டோமா? மார்ச் மாத இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் கிடந்தது. அதற்கு முன்பே, 2021 இன் கடைசி மாதங்களில், எரிவாயுச் சிலிண்டர்கள் வீடுகளில் வெடித்தன. பிறகு சிலிண்டரே இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபா அளவில் விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 இல் ஐயாயிரம் ரூபாவை நெருங்கியது. அதே ஆண்டு ஓகஸ்றில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சர் அறிவித்தார்.

வன்னியின் வெயில் மட்டும் இதில் எதற்கும் கட்டுப்பட்டதில்லை. தடைக்காலத்திலும் அது வந்தது. சோதனைச்சாவடியில் அதை இறக்கிப் பார்க்க எவராலும் முடியவில்லை. அடைக்கப்பட்டே பழகிய ஒரு சமூகம், அடைக்க முடியாத ஒன்றை வாழைக்குழிக்குள் ஊற்றிக்கொண்டிருப்பதைத்தான் நான் அன்று பார்த்தேன்.

*

வெயிலில் வெந்நீர் எடுப்பது விண்வெளி விஞ்ஞானம் அன்று. அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்தில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891 இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். கறுப்புத் தாங்கியைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்தார், அவ்வளவுதான். இன்று விற்பனையாகும் குழாய் வகைக் கருவியில், இரட்டைக் கண்ணாடிக் குழாய்களுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். நம் வீட்டுச் சுடுதண்ணிப் போத்தலின் அதே தத்துவம். சூடான நீர் இலேசாகித் தானாகவே மேலேறித் தாங்கிக்குள் போகும். குளிர்ந்த நீர் கீழிறங்கிக் குழாய்க்குள் வரும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தாங்கிக்குத் தடித்த போர்வை இருப்பதால் பிற்பகற் சூடு விடியும்வரை தங்கும்.

வடக்கில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 5 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெயில் விழுகிறது. இரண்டு சதுர மீற்றர்க் கருவி அதில் பாதியைப் பிடித்தாலே போதும், 100 லீற்றர் நீரின் வெப்பம் 40 பாகைக்கு மேல் உயர்ந்துவிடும். ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

அக்காவின் கிடாரக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 40 லீற்றர் நீரை 26 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏற்ற வேண்டிய சூடு இரண்டு அலகு மின்சாரத்துக்குச் சற்று மேல். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் ஏழில் ஒரு பங்குதான் பானைக்குப் போகும். மீதி காற்றுக்கும் சுவருக்கும் அக்காவின் முகத்துக்கும். ஆக, ஒரு கிடாரத்துக்கு ஏறத்தாழ நான்கு கிலோ உலர்ந்த விறகு. அதே கிடாரத்தில் இரவு போர்த்தி வைத்த 55 பாகை நீரை ஊற்றித் தொடங்கினால், விறகில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். புகையிலும் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். இலை அவிப்பதற்கு நெருப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நொச்சியிலைக்குப் பதிலாக வேறெதையும் நான் சிபாரிசு செய்யவில்லை! முதல் நாற்பது நிமிடப் புகையை வெயில் ஏற்றுக்கொள்ளட்டும், கடைசிக் கால்மணி நேரத்தை அடுப்புப் பார்த்துக்கொள்ளும் என்றுதான் சொல்கிறேன்.

நான்கு கிலோ விறகு சிறிய விடயமாகத் தெரியலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்போது இந்நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. வன்னியில் எரிவாயுவை வாங்கி வைத்திருப்பவர்களும் தேநீருக்குத்தான் அதைப் பற்றவைக்கிறார்கள். குளிக்கும் நீருக்கும் நெல் அவிக்கும் நீருக்கும் அடுப்புத்தான். கங்குமட்டை, பன்னாடை, ஊமல், சிரட்டை போதாதபோது காட்டுக்குப் போகவேண்டும். போர் முடிந்த பின்னும் பல்லாண்டு காலம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு இடையில் விறகு பொறுக்கியவர்கள் எங்கள் பெண்கள். வீட்டுப் புகையினால் 2020 இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த எண்ணுக்குள் வன்னியின் இருமல்களும் இருக்கின்றன.

*

இனி, குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டிய மற்றவர்கள்.

முதலில், எமக்கு வீடு கட்டித்தர வந்தவர்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள்; பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது. நன்றி மறப்பது நன்றன்று. ஆனால், வன்னியில் நான் பார்த்த திட்ட வீடுகள் பலவற்றில் வரைபடத்துக் குசினி நெல் மூடை வைக்கும் அறையாகிவிட்டது. சமையல், வெந்நீர் எல்லாம் பின்னால் கட்டிய தகரக் கொட்டிலுக்குள். புகை எங்கே போகும், எந்தப் பெண் எவ்வளவு நேரம் அதற்குள் நிற்பாள் என்று வரைபடம் கீறியவர்கள் கேட்டிருந்தால் இது நடந்திராது. பின்பு 2016 இல், வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்றொரு திட்டம். வீடொன்று 21 இலட்சம் ரூபா! எங்கள் வெயிலுக்கு உருக்குப் பெட்டி! நல்ல வேளையாக எதிர்ப்பு எழுந்தது. வெயிலை எதிரியாகக்கூடக் கணக்கில் எடுக்காதவர்கள், அதை நண்பனாக எப்படி எடுத்திருப்பார்கள்?

சைப்பிரசைப் பாருங்கள். 1974 போரில் பிளவுபட்ட தீவு. தெற்கே ஓடிவந்த ஏதிலிகள் இலட்சக்கணக்கு. அரசு கட்டிய வீடுகளில் சூரிய வெந்நீர்க் கருவியைப் பூட்டியே கொடுத்தார்கள். இன்று அந்தத் தீவில் பெரும்பாலான வீட்டுக் கூரைகளில் அக்கருவி இருக்கிறது. எரிபொருள் தட்டுப்பாட்டில் பாடம் படித்த இஸ்ரேல் 1980 இல் புதிய வீடுகளுக்கு அதைச் சட்டமாக்கியது. அரசியலில் ஆயிரம் கேள்வி அந்நாட்டிடம் கேட்கலாம். கூரையில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் வடமாகாணத்தை விடச் சிறிய பார்படோஸ் தீவு, 1974 முதல் வரிச்சலுகை கொடுத்து உள்ளூரிலேயே அக்கருவியைச் செய்யும் தொழிலை வளர்த்தது. போரில் இழந்த வீடுகளை ஒன்றாகக் கட்டுகின்ற வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். எமக்கு அது வந்தது, போயும்விட்டது.

இரண்டாவது, கொழும்பு. 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' என்று பெயரிட்டுக் கூரையில் மின்சாரம் உற்பத்தி செய்யச் சொன்னார்கள். பல இலட்சம் ரூபா முதலிடக் கூடியவர்கள் செய்தார்கள். மின்சார சபைக்கு விற்றார்கள். தவறில்லை. ஆனால், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது? நாட்டில் மின்பாவனை குறைந்துவிட்டது, பகலில் கூரைத் தகடுகளை அணைத்து வையுங்கள் என்று அதே மின்சார சபை கெஞ்சியது. பகல் வெயிலைச் சேமிக்க வழியில்லையாம்! உலகத்திலேயே மலிவான சேமிப்பு, போர்வை போட்ட ஒரு வெந்நீர்த் தாங்கி. அதில் நடுப்பகலைப் பூட்டி வைத்து விடிகாலையில் எடுக்கலாம். அதற்கு ஒரு சங்கிராமம் நடத்த ஏன் எவருக்கும் தோன்றவில்லை? காரணம் எளிது. அளவுமானியில் பதிவாகாத சூட்டை யாரும் விற்க முடியாது. விற்க முடியாததற்கு விழா எடுக்க முடியாது.

மூன்றாவது, என் தொழில். அதானி நிறுவனம் மன்னாருக்கும் பூநகரிக்கும் காற்றாலை கொண்டுவரப் போகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினோம். 2025 பெப்ரவரியில் விலகிப் போனது என்றும் எழுதினோம். நானும் எழுதினேன். அந்தக் காலம் முழுவதும் அக்காவின் கொட்டிலுக்குள் எரிந்துகொண்டிருந்த எரிசக்தியைப் பற்றி ஒரு பத்திகூட என் பேனாவிலிருந்து வரவில்லை. மெகாவாற்றில் இல்லாதது எமக்குச் செய்தியாகத் தெரிவதில்லை. இக்கட்டுரை ஒரு வகையில் அந்தக் கடனுக்கான வட்டி.

*

மறுப்புச் சொல்வோர் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும்.

'மாரியில் வெயிலே இல்லையே, குளிர் அப்போதுதானே?' உண்மை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வானம் மூடிக் கிடக்கும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் கருவி வெதுவெதுப்பான நீரைத்தான் தரும். அன்றைக்கு அடுப்பை மூட்டுங்கள், அல்லது தாங்கிக்குள் இருக்கும் சிறு மின்கோலைப் போடுங்கள். ஆண்டில் சில வாரம் உதவாது என்பதற்காக மிகுதி மாதங்களை வாழைக்கு ஊற்றுவது எந்த ஊர் நியாயம்? மழைக்காலத்தில் காயாது என்று எவராவது நெல் காயவைக்கும் முற்றத்தையே கட்டாமல் விட்டதுண்டா?

'எங்கள் கிணற்று நீர் கல்நீர். குழாய் அடைத்துப் போகும்.' இதுவும் உண்மை. கேத்தலின் அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால், அந்தப் பொருக்கு மின்சார ஹீற்றரின் கம்பிச் சுருளை விட்டுவைக்கிறதா? எதை வாங்கினாலும் ஆண்டுக்கொரு முறை கழுவவேண்டும். அதைச் செய்யத் தெரிந்த இரண்டு இளைஞர்களை விசுவமடுவில் பயிற்றுவித்தால் அவர்களுக்கும் பிழைப்பு.

'விலை?' இதுதான் உயிரான கேள்வி. இறக்குமதியாகும் கருவிக்கு இலட்சக் கணக்கில் கேட்கிறார்கள். தினக்கூலிக் குடும்பத்தால் முடியாது. அவர்களிடம் போய்ச் சூரியக் கருவி வாங்கு என்பவன் மனிதனல்லன். அவர்களுக்கு முதலில் வேண்டியது நல்ல அடுப்பு. 1980களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்ட 'அனகி' என்னும் களிமண் அடுப்பு ஒரே நெருப்பில் இரண்டு பானை வைப்பது; சோறு ஒருபுறம் வேக, மறுபுறம் நீர் தானாகச் சுடும். தென்னிலங்கைக் குயவர்கள் இலட்சக் கணக்கில் செய்து விற்றிருக்கிறார்கள். வன்னியில் களிமண்ணுக்கா பஞ்சம்? அடுத்து, புகைபோக்கி. அதற்கடுத்து, வெயிலில் விரித்த கறுப்புக் குழாய்ச் சுருளும் உமியோ வைக்கோலோ சுற்றிய ஒரு பீப்பாயும். பிற்பகல் மூன்று மணி நீரை மாலை ஏழு மணிவரை காப்பதற்கு அது போதும். நாள் முழுதும் தோட்டத்தில் நின்றுவிட்டு வருகிற பெண் உடம்புக்கு இதமாக ஒரு வாளி நீர் வார்ப்பதற்கு, அவள் மறுபடியும் அடுப்பின் முன் குந்த வேண்டியதில்லை.

முடிந்தவர்களைப் பற்றித்தான் என் கோபம் முழுவதும். ஊரில் வீடு கட்டக் கோடி ரூபா செலவழிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளே, உங்கள் வீட்டின் முகப்புத் தூணுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்குக்குத் தாயின் நெஞ்சு தப்பும். கட்டடம் கட்டும்போதே தாங்கியின் உயரம், சுடுநீர்க் குழாயின் பாதை, தெற்குப் பார்த்த கூரைத்துண்டு ஆகிய மூன்றையும் மேசனிடம் சொல்லிவிடுங்கள். பின்பு எப்போது வேண்டுமானாலும் கருவியைப் பூட்டலாம். ஊர்ச் சங்கங்கள் பாடசாலைக்கு வளைவும் கோவிலுக்குக் கோபுரமும் கட்டுகின்றன. பிள்ளைப்பேற்று வீடுகளுக்கு ஐந்து அடுப்பு, மகப்பேற்று விடுதி உள்ள வைத்தியசாலைக்கு ஒரு சூரிய வெந்நீர்த் தாங்கி என்று தொடங்குங்கள். பெயர்ப்பலகை வேண்டுமென்றால் அதிலும் போட்டுக்கொள்ளலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்.

*

புறப்படும் அன்று பிற்பகல், பேத்தி மறுபடியும் குழாயைத் திறந்தாள். மறித்தேன். அக்காவிடம் பெரிய வாளிகள் இரண்டு வாங்கி நிரப்பி, மூடி, பழைய சாக்குகளைச் சுற்றி, குசினி மூலையில் வைத்தோம். 'உதென்ன தம்பி விளையாட்டு?' என்று அக்கா சிரித்தார். இரவு ஏழு மணிக்குப் பரந்தனில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தொலைபேசி வந்தது. 'தம்பி, தண்ணி இன்னும் நல்ல சூடா இருக்குதடா. பிள்ளைக்குத் துணி நனைச்சுத் துடைக்கக் காணும். இண்டைக்குப் பின்னேரம் அடுப்பு மூட்டேல்லை' என்றார்.

மருமகனுக்கு அதை அப்படியே எழுதி அனுப்பினேன். கூடவே ஒரு கேள்வியும்: 'இலண்டனில் உன் வீட்டுக்குச் செய்ததை விசுவமடுவில் அம்மாவுக்கு எப்போது செய்யப் போகிறாய்?' இன்னும் பதில் வரவில்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவன், பொறுத்திருக்கலாம். அக்காவின் நெஞ்சு பொறுக்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.